வாடிப்பட்டியின் மலக் கொடையாளர்

மதுரைக்கு எதற்குப் போகிறாய் என்று மலேசியாவில், என் ஊரான ஈப்போவில் கேட்ட எல்லோரிடமும் ‘ஆபீஸ் வேலை’ என்றுதான் சொன்னேன். உடனே ஆளுக்கொரு வேண்டுதலை மீனாட்சியம்மனிடம் சேர்க்கச் சொல்லி என் தலையில் கட்டினார்கள். நான் போனது மலம் சேகரிக்க. இதைச் சொல்லியிருந்தால் வேண்டுதலைக் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

நான் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். எங்கள் ஆட்களும் மதுரை மருத்துவர்கள் சிலரும் சேர்ந்து ஒரு ஆய்வு நடத்துகிறார்கள். நம் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. கறியிலும் முட்டையிலும் இருக்கும் சில சத்துகளை அவற்றில் ஒரு பகுதி மென்று ஒரு பொருளை வெளியே விடும். அது கல்லீரலுக்குப் போய் வேறொன்றாக மாறி ரத்தத்தில் சுற்றும். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவர்களிடம் அந்தப் பொருள் கூடுதலாக இருப்பதைக் கவனித்திருக்கிறார்கள். அடைப்பைக் கொண்டுவந்ததே அதுதானா, இல்லை சும்மா கூட வந்ததா என்பது இன்னும் தெளிவாகவில்லை. அதற்காகத்தான் இரட்டையர்களைத் தேடினோம். ஒரே கருவில் பிறந்து, ஒரே ஊர்ச் சோறு தின்று வளர்ந்தவர்களில் ஒருவருக்கு அடைப்பு வந்து மற்றவருக்கு வரவில்லை என்றால், இரண்டு குடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் அல்லவா.

என் நெஞ்சுக்குள்ளும் ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. மூன்று வருடமாகிறது. அதனால் கிளம்பும்போது மனைவி ஒரு தாளில் மதுரையில் சாப்பிடக்கூடாதவற்றை எழுதிப் பர்சில் வைத்தாள். மதுரையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது அந்த ஊர் ஓட்டல்களின் மெனு கார்டு என்று.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊர் சுற்றினேன். காலையில் ஒரு சந்தில் இட்லி. ஈப்போவில் இரண்டு இட்லிக்கு ஒரு சட்னி தருவார்கள், கூடக் கேட்டால் முறைப்பார்கள். இங்கே நாலு சட்னியை ஊற்றிவிட்டு, ‘பத்தலைன்னா சொல்லுங்கண்ணே’ என்று இட்லிக்காரர் பக்கத்திலேயே நின்றார். மத்தியானம் ஒரு கடை வாசலில் கறி தோசை வேகும் வாசனை என்னைக் கையைப் பிடித்து இழுத்தது. பர்சிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியே கறி தோசைதான். பக்கத்தில் பருத்திப்பால் வண்டி நின்றது, அந்தப் பெயர் தாளில் இல்லை. இரண்டு டம்ளர் குடித்தேன்.

யாரிடம் பேசினாலும் சொந்த ஊர் கேட்டார்கள். ஈப்போ என்றேன். ‘அது சரிண்ணே, சொந்த ஊரு?’ என்றார்கள். பிறந்ததும் வளர்ந்ததும் கல்யாணம் முடித்ததும் ஈப்போதான் என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் ஏற்றுக்கொள்வதாக இல்லை. மூன்றாவது ஆளிடம் தோற்றுப்போய் ‘இங்கே பக்கம்தான்’ என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் முத்துமாரி ஸ்கூட்டரோடு வந்து நின்றாள். டி. கல்லுப்பட்டிப் பெண், லேப் டெக்னாலஜி படித்தவள், ஆய்வுக்கு இங்கே களத்தில் நிற்பவள் அவள்தான். முப்பது வயதிருக்கும். பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டி, அதற்கும் அவளுக்கும் நடுவில் என்னைச் செருகி, வாடிப்பட்டிக்கு ஓட்டினாள். கிராமத்து ஆட்களுக்கு நுண்ணுயிரை எப்படி விளக்குகிறாய் என்று கேட்டேன். முதலில் கிருமி என்றாளாம், பயந்தார்கள். பூச்சி என்றாளாம், ‘அப்ப பூச்சி மாத்திரை குடு தாயி’ என்று கேட்டார்கள். இப்போது பாலில் ஊற்றும் உறைமோரைச் சொல்கிறாளாம். உறை நன்றாக இருந்தால் தயிர் நன்றாக இருக்கும், வயிற்றுக்குள்ளும் அப்படி ஒரு உறை இருக்கிறது என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்களாம். இருபத்தாறு வருட சர்வீஸில் இவ்வளவு நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

வாடிப்பட்டியில் நாங்கள் பார்க்கப் போனவர்கள் ராமர், லெட்சுமணன். ஐம்பத்திரண்டு வயது இரட்டையர்கள். ராமர் பத்து நிமிடம் மூத்தவர். அப்பா விட்டுப்போன வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்கொரு வாசல் வைத்திருந்தார்கள். ராமர் தென்னந்தோப்பைப் பார்க்கிறார், லெட்சுமணன் உரக்கடை வைத்திருக்கிறார். அடைப்பு வந்தது லெட்சுமணனுக்கு, இரண்டு வருடத்துக்கு முன்னால். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணத்தை முத்துமாரி வழியிலேயே சொல்லியிருந்தாள். ஒரு சாயங்காலம் லெட்சுமணனுக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. கூட இருந்த ராமர், ‘வாயு புடிச்சிருக்குடா’ என்று சொல்லி உப்புப் போட்ட எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்து, முதுகைத் தேய்த்துவிட்டுப் படுக்க வைத்திருக்கிறார். மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்களாம் மருத்துவர்கள். லெட்சுமணன் மனைவி பேச்சியம்மாள் அந்தச் சோடாவை மறக்கவே இல்லை.

எனக்கு இதில் யாரையும் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வந்தபோது நானும் வாயு என்றுதான் ஒரு ராத்திரி பூராவும் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லெட்சுமணன் வீட்டில் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. டப்பாவைத் தயாராக வைத்திருந்தார், காப்பி கொடுத்தார், மலேசியாவில் யூரியா என்ன விலை என்று கேட்டார். பக்கத்து வாசலுக்குப் போனோம்.

ராமர் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் நின்றார். டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினார், கோவிலில் தட்டை நீட்டுகிற மாதிரி. கடந்த சில நாட்களில் வழக்கமான சாப்பாடுதானே என்று நான் கேள்வித்தாளைப் பிரித்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“வழக்கமான சாப்பாடா? அதெப்படிண்ணே? எட்டு நாளா கவுச்சி தொடலை. முட்டைகூட இல்லை. தம்பிக்குள்ள போற பொருளு, சுத்தமா இருக்க வேணாமா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முத்துமாரி என் கையிலிருந்த தாள்களிலிருந்து சம்மதப் படிவத்தை உருவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் படிவத்தின் தமிழ் என்னுடையது. ஈப்போவில் மூன்று நாள் உட்கார்ந்து, ஒரு ஆங்கிலச் சொல் கலக்காமல் எழுதி, மேலதிகாரியிடம் கை குலுக்கலும் வாங்கியிருந்தேன். அதில் மாதிரி தருபவருக்கு நான் வைத்திருந்த பெயர் ‘மலக் கொடையாளர்’. கீழே இன்னொரு வரி: ‘தாங்கள் வழங்கும் கொடை இதய நோயாளிகளுக்குப் பயன்படும்.’

கையெழுத்துப் போடும் முன் ராமர் அதை எழுத்தெண்ணிப் படித்திருக்கிறார். உடலுறுப்புக் கொடை தெரியும், குருதிக் கொடை தெரியும். கிட்னி கொடுப்பது போல இதையும் எடுத்துத் தம்பி வயிற்றில் வைக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி ஒருவர் குடலில் இருப்பதை இன்னொருவருக்கு மாற்றும் சிகிச்சை வேறு சில நோய்களுக்கு நிஜமாகவே உண்டு என்பதால் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. எங்கள் ஆய்வில் அது இல்லை, அவ்வளவுதான்.

மெதுவாக எடுத்துச் சொன்னேன். இது பரிசோதனைக்கு மட்டும்தான், தம்பிக்கு வைக்கப்போவதில்லை. அதோடு, எட்டு நாள் சைவம் சாப்பிட்டால் குடலில் உள்ள கூட்டமே கொஞ்சம் மாறியிருக்கும், அதனால் இந்த டப்பா எங்களுக்கு ஆகாது, ஐந்து நாளாவது வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பத் தர வேண்டும். பேசப் பேச அவர் கை கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

“அப்ப அவனுக்கு வைக்கலையா?”

“இல்லைங்க.”

“அவனுக்கு ஆகாதுன்னா எனக்கு எதுக்குண்ணே இந்தச் சோலி? நீங்க கெளம்புங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அந்த வாசலில் நிற்கவே வெட்கமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு விமானம். அதற்குள் ராமர் தராவிட்டால் அண்ணனுடையது இல்லாமல் தம்பியின் மாதிரிக்கு அர்த்தமில்லை, இரண்டு பேரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், என்னைக் குடைந்தது பட்டியல் இல்லை. ஒரு மனிதர் இரண்டு வருடமாகப் பேசாத தம்பிக்காக எட்டு நாள் விரதம் இருந்திருக்கிறார், நான் வந்து அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது முத்துமாரி என் பக்கம் திரும்பினாள். “மோஷன்னு போட்டிருந்தா அம்புட்டுப் பேருக்கும் வெளங்கியிருக்கும்ணே.”

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறுப்பு மருத்துவரம்மா, வற்புறுத்தக் கூடாது, அவராக மனம் மாறினால் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சரியான பேச்சு. மத்தியானம் துக்கத்தில் ஒரு ஜிகர்தண்டா குடித்தேன். தாளில் நாலாவது வரி அது. இனிப்பும் குளிர்ச்சியும் உள்ளே இறங்கியபோது, கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது.

புதன்கிழமை நான் செய்தது விதிப்படி தவறு. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக்கூடாது என்று நானே பலருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். வாடிப்பட்டிக்குப் போய் லெட்சுமணனின் உரக்கடையில் உட்கார்ந்து, அவருடைய மாதிரி பயன்படாமல் போகலாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லிவிட்டேன். கொடையாளர், விரதம், திருநீறு, எல்லாவற்றையும்.

லெட்சுமணன் மூட்டை மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். “எட்டு நாளா கறி திங்கலையா? அவனா?” சிரிக்க ஆரம்பித்தார். கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் மூன்று இலையில் உட்காரும் ஆள் அவன், என் கல்யாணத்தன்றே அப்படித்தான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்தது, கண்ணைத் துடைப்பது எங்கே தொடங்கியது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு வீட்டுக்குப் போன் போட்டார். நான் இருந்த இடத்துக்கே பேச்சியம்மாளின் குரல் கேட்டது. முதலில் அந்தச் சோடாவைப் பற்றி ஒரு பாட்டம். இவர் குறுக்கே பேசவில்லை. அது முடிந்ததும், “எட்டு நாளு கவுச்சி தொடலையாம்டி, எனக்காக” என்றார். அதற்கு ஒரே ஒரு கேள்வி வந்தது: “பெரிய மச்சானுக்கு நெஞ்செலும்பு புடிக்கும், எம்புட்டு எடுக்க?”

அன்று மத்தியானம் நடுச்சுவரைச் சுற்றிக்கொண்டு ஒரு தூக்குவாளி ஆட்டுக்கறிக் குழம்பு ராமர் வீட்டு வாசலுக்குப் போனது. கொண்டுபோனது பேச்சியம்மாளே. நான் தெருமுனை டீக்கடையிலிருந்து பார்த்தேன். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. அவர் திரும்பி வரும்போது கையில் தூக்குவாளி இல்லை, அது போதும் எனக்கு. அரைமணி நேரத்தில் முத்துமாரிக்குப் போன் வந்தது. ராமர் சாப்பிட ஆரம்பித்துவிட்டாராம். இந்தக் குழம்பிலிருந்து ஐந்து நாளை எண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டாராம்.

வியாழக்கிழமை டி. கல்லுப்பட்டியில் வேறொரு இரட்டையர், அக்கா தங்கை. போன வேலை முடிந்தது. திரும்பும்போது முத்துமாரியின் ஸ்கூட்டர் பஞ்சர். அவள் சொந்த ஊர் என்பதால் தெரிந்த கடையில் வண்டியை விட்டுவிட்டு, ஐஸ் பெட்டியை என் கையில் கொடுத்துப் பஸ்ஸில் ஏற்றி, பின்னாலேயே தானும் ஏறினாள். நல்ல கூட்டம். நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது இங்கே பழக்கம், கேட்கவே வேண்டாம். ஈப்போவில் யாராவது என் பையைத் தொட்டால் போலீஸைக் கூப்பிடத் தோன்றும். ஒரு அம்மா பெட்டியை வாங்கி மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“சில்லுன்னு இருக்கே, ஐஸ்கிரீமா தம்பி?”

மருந்து என்றேன். வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று கன்னத்தைப் பெட்டி மேல் சாய்த்துக்கொண்டார். திருமங்கலம் வரும்வரை நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன். பின்னால் நின்ற முத்துமாரி வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றம் போய் எல்லோருடைய வேண்டுதலையும் முருகனிடம் சேர்த்தேன். மீனாட்சியிடம் சேர்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே வரிசை நீளம், எப்படியும் ஒரே குடும்பம்தானே. எனக்காக ஒன்றே ஒன்று வேண்டிக்கொண்டேன். அதைக் கோவிலில் சொல்லலாமா என்று தெரியாததால் மனசுக்குள் ‘திங்கட்கிழமை காலை’ என்று மட்டும் சொன்னேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ராமர் காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் என்ன சாப்பிட்டார் என்று முத்துமாரிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கறி மறுபடியும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்ததாம்.

திங்கட்கிழமை முத்துமாரியோடு போனபோது ராமர் வாசலில் டப்பாவோடு நின்றார். இந்தத் தடவை ஒரு கையால்தான் நீட்டினார். திருநீறு இருந்தது, கொஞ்சமாக. லேபிள் ஒட்டி ஐஸில் வைத்தேன். லெட்சுமணன் தன் வாசலில் வந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள். ஒரே முகம் இரண்டு, நடுவில் ஒரு சுவர்.

ராமர்தான் ஆரம்பித்தார். “அண்ணே, வயித்துல இருக்குறதுக்கும் நெஞ்சு அடைக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு இம்புட்டுத் தொலவு வந்திருக்கீக. அப்ப அன்னைக்கு நான் வாயுன்னு சொன்னது முழுசாத் தப்பில்லையா?”

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. சம்பந்தம் இருக்கலாம், அது வருடக்கணக்கில் மெதுவாக நடக்கிற சங்கதி, நெஞ்சு அடைக்கும்போது வாயுவா வேறா என்று நாமே முடிவு செய்யாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், அன்றைக்குச் சொன்னது தப்புதான் என்றேன். நானும் அதே தப்பைச் செய்தவன் என்றும் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். “தெரியும்ணே. தெரிஞ்சுதேன் அவன் மூஞ்சியில முழிக்கலை.”

லெட்சுமணன் அப்போதுதான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். “நீ கோவத்துல பேசாம இருக்கேன்னுல்ல நெனச்சேன். ஏண்டா, சோடா வாங்கிக் குடுத்தது நீயி. நல்லாருக்குன்னு இன்னொன்னு கேட்டுக் குடிச்சது யாரு?”

உள்ளேயிருந்து பேச்சியம்மாள், வந்தவர்களை வெயிலில் நிறுத்திப் பேசுவதற்காக இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். நாலு பேரும் லெட்சுமணன் வீட்டுக்குள் போனோம். ராமர் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார், இரண்டு வருடத்தில் குனிய மறந்துபோய்விட்டது. அன்று காலை கறி தோசை. என் தட்டிலும் ஒன்று விழுந்தது. மனைவியின் தாளை நான் எடுத்துப் பார்க்கவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டேன் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஈப்போ வந்து ஒரு வாரம் ஆன பிறகு, சம்மதப் படிவத்தில் ‘மலக் கொடையாளர்’ என்பதை அடித்துவிட்டு ‘மோஷன் சாம்பிள் தருபவர்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். மனசு கொஞ்சம் வலித்தது. முத்துமாரியிடமிருந்து போன் வந்தது. குரலில் படபடப்பு.

ராமருக்கு முந்தின நாள் மத்தியானம் நெஞ்சை அடைத்திருக்கிறது. தம்பி வீட்டில் விருந்து சாப்பிட்டு எழுந்த நேரம். அண்ணன் செருப்பைத் தேடுவதற்குள் லெட்சுமணன் தூக்கி ஆட்டோவில் போட்டு, பேச்சியம்மாள் முன்னால் உட்கார்ந்து டிரைவரை விரட்ட, நேரே ஆஸ்பத்திரி. ‘சோடா குடிச்சா சரியாப் போகும்டா’ என்று வழி நெடுக ராமர் கத்தியும் வண்டி நிற்கவில்லையாம். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை ஒன்றுவிடாமல் எடுத்திருக்கிறார்கள்.

என்னதான் ஆச்சு, சொல்லும்மா என்றேன்.

“வாயுதேண்ணே.”